மழைக்கால விருந்தினர்

நுழையும்முன்

கேரளத்தில் ‘இடவப்பாதி’ என்று வழங்கும் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும், பாலக்காட்டு வீட்டு முற்றங்களிலும் இடுக்கித் தோட்டக் குடியிருப்புகளிலும் ஓர் உயிரினம் மெல்ல ஊர்ந்து வருகிறது. சிலர் அதைக் கண்டு அஞ்சுகின்றனர். சிலர் துடைப்பத்தால் தள்ளுகின்றனர். சிலர் உப்பைத் தூவிக் கொல்கின்றனர். அவ்வுயிரினத்தைச் சில வாரங்கள் அருகில் வைத்துப் பேணினால் நாம் எதைக் கற்போம்? இப்பாடம் அதனை விளக்குகிறது.

பெயரும் உருவமும்

தமிழில் இதனை மரவட்டை என்கிறோம். மரம், அட்டை என்னும் இரு சொற்கள் சேர்ந்து மரவட்டை ஆயிற்று. தொடர்வண்டியைப் போல நீண்டு நகர்வதால் ‘ரயில் பூச்சி’ என்றும் கூறுவர். மலையாளத்தில் இதன் பெயர் ‘தேரட்ட’. இரு மொழிப் பெயர்களிலும் அட்டை என்னும் சொல் ஒளிந்திருப்பதைக் காணுங்கள். ஆயினும் இது குருதி உறிஞ்சும் அட்டை அன்று. உதிர்ந்த இலையையும் மக்கிய மரத்தையும் தின்று வாழும் எளிய உயிர்.

மரவட்டையையும் பூரானையும் ஒன்றெனக் கருதுதல் தவறு. பூரானின் உடல் தட்டையானது. ஒவ்வொரு வளையத்திலும் ஓரிணைக் கால்களே உண்டு. அது விரைந்து ஓடும், நச்சுக் கொடுக்கால் கொட்டும். மரவட்டையின் பெரும்பாலான வளையங்களில் ஈரிணைக் கால்கள் உண்டு. அது மெல்ல நடக்கும்; கொட்டாது. தீண்டினால் சுருண்டுகொள்ளும். அப்போதும் தொல்லை நீங்காவிடில் உடலின் பக்கங்களிலிருந்து காரமான நீர்மத்தைக் கசியவிடும். அந்நீர்மம் தோலில் பட்டால் பழுப்புக் கறை படியும். கண்ணில் பட்டால் கடுமையாக எரியும்.

தங்குமிடம் அமைத்தல்

மரவட்டையின் உடலிலிருந்து ஈரம் எளிதில் வெளியேறிவிடும். ஆகவே, அதனைப் பேணுவது என்பது ஈரத்தைப் பேணுவதே ஆகும்.

மூடியுள்ள அகன்ற நெகிழிப் பெட்டி ஒன்றை எடுத்து, காற்று புகுவதற்கு மூடியில் சிறு துளைகள் இடுங்கள். மரவட்டையின் உடல் எவ்வளவு நீளமோ, அவ்வளவு ஆழத்திற்கேனும் மண் நிரப்புங்கள். தோட்ட மண், தென்னை நார்க்கழிவு, மக்கிய இலை, கையால் நொறுக்கத்தக்க உளுத்த மரத்துண்டு ஆகியவற்றின் கலவையே அதற்கு மண்ணும் உணவும் ஆகும்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. தேயிலை, ஏலத் தோட்டங்களில் பூச்சிமருந்து தெளிப்பதுண்டு. அங்கிருந்து எடுத்த சருகு, பெட்டியிலுள்ள உயிரைக் கொன்றுவிடும். வீட்டருகே மருந்து படாத மா, பலா மரங்களின் பழைய சருகுகளைத் திரட்டுங்கள்.

ஈரம் சரியாக உள்ளதா என்று அறிய, ஒரு கைப்பிடி மண்ணை இறுகப் பிடியுங்கள். மண் உருண்டையாக நிற்க வேண்டும்; விரலிடையே நீர் சொட்டக்கூடாது. பெட்டியை வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

உணவு

சருகே அதன் அன்றாட உணவு. இடையிடையே வெள்ளரித் துண்டோ, பூசணித் துண்டோ வைக்கலாம்; பூஞ்சணம் பிடிக்குமுன் மிச்சத்தை அகற்ற வேண்டும். மரவட்டையின் மேலோடு கடினமாவதற்குச் சுண்ணாம்புச் சத்து தேவை. எனவே, கழுவி உலர்த்திய முட்டையோட்டைப் பொடித்து மண்மேல் தூவுங்கள்.

காத்திருக்கக் கற்றல்

சில நாள்களில் மரவட்டை மண்ணுக்குள் சென்று மறைந்துவிடலாம். அது இறந்துவிட்டதோ என்று ஐயுற்று மண்ணைக் கிளறுவோர் பலர். அங்கேதான் பெரும்பிழை நேர்கிறது. மரவட்டை வளர்வதற்குத் தன் மேல்தோலை உரிக்க வேண்டும். அதற்காக மண்ணுக்குள் ஒரு சிற்றறை அமைத்து அதில் வாரக்கணக்கில் அசையாது கிடக்கும். அப்போது அதன் உடல் வெளிறி மென்மையாக இருக்கும். விரல் பட்டாலே காயமுறும். பொதுவாக மூவிணைக் கால்களுடன் பிறக்கும் குஞ்சு, தோலுரிக்குந்தோறும் புதிய வளையங்களையும் கால்களையும் பெறுகிறது. உரித்த தோலையும் அதுவே தின்றுவிடும். நாம் செய்ய வேண்டியது ஒன்றே: மண்ணை ஈரமாக வைத்துவிட்டுக் காத்திருத்தல்.

தெரிந்து தெளிவோம்

• ‘ஆயிரங்காலி’ என்னும் வழக்கு இருந்தாலும் பெரும்பாலான மரவட்டைகளுக்குச் சில நூறு கால்களே உண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவில் நிலத்தின் ஆழத்தில் கிடைத்த ஓர் இனத்திற்கு 1306 கால்கள் இருப்பது 2021ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது.

• சப்பானில் 8 ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருங்கூட்டமாக வெளிவரும் ஒருவகை மரவட்டை, தண்டவாளங்களில் நிறைந்து தொடர்வண்டிகளையே நிறுத்தியதுண்டு.

எல்லை அறிதல்

எல்லா மரவட்டைகளும் வீட்டில் வாழா. மேற்குத் தொடர்ச்சி மலையில் கோலிக்குண்டு போல உருண்டுகொள்ளும் பெரிய மரவட்டைகள் உள்ளன. அவை காட்டுச் சருகை எருவாக்கும் திறம் மிக்கவை. ஆயினும் பெட்டிக்குள் நெடுநாள் வாழ்வதில்லை. அவற்றைக் கண்டு மகிழ்ந்து அங்கேயே விட்டுவிடுக. இரவிகுளம், சைலன்ட் வேலி, பறம்பிக்குளம், பெரியார் போன்ற பாதுகாக்கப்பட்ட காடுகளிலிருந்து எவ்வுயிரையும் எடுத்துவருதல் சட்டப்படி குற்றமாகும்.

முற்றத்திற்கு வந்த இரண்டு மூன்று மரவட்டைகளை மட்டும் பேணுங்கள். தொட்டபின் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். மழைக்காலம் முடிந்து நிலம் வறளுமுன், எடுத்த இடத்திலேயே அவற்றை விட்டுவிடுங்கள். மூணாற்றின் குளிருக்குப் பழகியது பாலக்காட்டின் வெயிலைத் தாங்காது. மரவட்டை தோலுரிக்க மண்ணுக்குள் சென்றிருந்தால், அது தானே மேலே வரும்வரை பொறுத்திருங்கள். பெட்டியின் மண்ணில் கண்ணுக்குத் தெரியாத முட்டைகள் இருக்கக்கூடும்; ஆதலால் அம்மண்ணையும் அங்கேயே கொட்டுங்கள்.

விருந்தினரைப் போற்றுவது நம் மரபு. நலமாக வழியனுப்பி வைப்பதும் அதில் அடங்கும். சருகை மண்ணாக்கும் இச்சிற்றுயிர் தன் வேலைக்குத் திரும்பட்டும்.

அருஞ்சொற்பொருள்

நீர்மம் – திரவம்
உளுத்த – உள்ளே அரித்துப்போன
பூஞ்சணம் – ஈரத்தில் படரும் பூசணம்
ஐயுற்று – சந்தேகம் கொண்டு

பயிற்சி

1. மரவட்டைக்கும் பூரானுக்கும் உள்ள வேறுபாடுகள் மூன்றனை எழுதுக.
2. ஏலத் தோட்டத்துச் சருகைப் பெட்டியில் இடக்கூடாது என்பது ஏன்?
3. மண்ணுக்குள் மறைந்த மரவட்டையைத் தோண்டி எடுக்க உன் தம்பி விரும்புகிறான். அவனுக்கு நீ என்ன கூறுவாய்? ஐந்து தொடர்களில் எழுதுக.
4. தமிழிலும் மலையாளத்திலும் சிறு மாற்றத்துடன் வழங்கும் உயிரினப் பெயர்கள் ஐந்தினை உன் வீட்டுப் பெரியோரிடம் கேட்டுத் தொகுக்க.