அசாசின்ஸ் கிரீடு: சிண்டிகேட்

அசாசின்ஸ் கிரீடு: சிண்டிகேட் என்பது யுபிசாஃப்ட் நிறுவனத்தின் கியூபெக் பிரிவு உருவாக்கி, 2015 அக்டோபரில் வெளிவந்த நிகழ்பட ஆட்டம் ஆகும். 1868ஆம் ஆண்டின் இலண்டன் மாநகரம் இதன் களம். ஆட்டக்காரர் நகரில் விரும்பிய திசையில் சென்று, பல பணிகளை விரும்பிய வரிசையில் மேற்கொள்ளலாம். இத்தகைய அமைப்பு திறந்த உலகம் எனப்படுகிறது.

வரலாற்று மாந்தர்

சேக்கப், ஈவி என்னும் இரட்டையர் முதன்மைக் கதைமாந்தர் ஆவர். சார்லசு டிக்கின்சு, கார்ல் மார்க்சு, சீக்கியப் பேரரசின் கடைசி மகாராசா துலீப் சிங் ஆகியோர் இவர்களுக்குப் பணிகள் தருகின்றனர். ஆலைகளில் உழைக்கும் சிறுவர்களை விடுவிப்பதும் பணிகளுள் ஒன்று.

திருநம்பிப் பாத்திரம்

சரக்குகளைக் கொள்ளையிடும் பணிகளைத் தரும் நெட் வைனெர்ட் என்னும் கற்பனை மாந்தர் ஒரு திருநம்பி. அதாவது, பிறப்பில் பெண்ணாகக் குறிக்கப்பட்டு ஆணாக வாழ்பவர். ஏனைய மாந்தர் அவரை ஆணாகவே கருதிப் பேசுகின்றனர். அவரது பாலின அடையாளம் கேலிப்பொருளாகவோ கதைத் திருப்பமாகவோ ஆக்கப்படவில்லை. ஆயினும் அவர் தரும் பணிகள் பெரும்பாலும் முதன்மைக் கதைக்கு வெளியே அமைந்துள்ளன. எனவே அவரை அதிகம் அறியாமலே ஆட்டத்தை முடித்துவிட இயலும்.

இப்பாத்திரம் அக்காலத்துக்குப் பொருந்தாதது அன்று. படை மருத்துவர் சேம்சு பாரி வளர்ந்த பருவம் முழுவதும் ஆணாக வாழ்ந்தார். 1865இல் இலண்டனில் அவர் இறந்த பின்னரே அவரது பிறப்புப் பாலினம் பற்றிய செய்தி வெளியானது.