மடக்குக் கத்தியும் மனிதர் பேச்சும்

தோட்டத்து மக்களிடம் கத்தியைப் பற்றிப் பேசப் புறப்படுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதைப் போன்றது. மரம் வெட்டும் கத்தியின் முனை மழுங்கினால் பால் குறையும், கொஞ்சம் ஆழமாக இறங்கினால் மரத்துக்குக் காயம் என்பதை உங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆகையால் உங்கள் கத்தியை உங்களிடமே விட்டுவிட்டு, சட்டைப் பைக்குள் மடங்கிக் கிடக்கும் ஒரு சின்னக் கத்தியைப் பற்றியும், அதைத் தேடிச் சேர்ப்பவர்கள் தங்களுக்குள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதைப் பற்றியும் இன்று பார்ப்போம்.

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பழைய மடக்குக் கத்திகளைச் சேர்ப்பவர்கள் ஏராளம். எல்லாரும் செல்வந்தர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். தச்சர், குடியானவர், ஓய்வு பெற்ற ஆலைத் தொழிலாளி என்று பலரும் அவர்களில் உண்டு. இருவர் சந்தித்தால் நலம் விசாரித்த கையோடு, "இன்றைக்குப் பையில் எது இருக்கிறது?" என்று கேட்டுக்கொள்வார்கள். ஒருவர் எடுத்துக் கொடுப்பார். மற்றவர் அதை வாங்கி, புரட்டிப் பார்த்து, மெல்லத் திறந்து, மீண்டும் மூடுவார். பிறகு பேச்சு தொடங்கும். அது கத்தியோடு நிற்காது. "என் பாட்டனார் இப்படி ஒன்றில்தான் ஆப்பிள் நறுக்கித் தருவார்" என்று ஒருவர் சொல்ல, மற்றவர் தம் தகப்பனார் புகையிலை வெட்டிய கதையை எடுப்பார். விலையைப் பற்றிய பேச்சும் வரும். ஆனால் விலையே பேச்சாகிவிட்டால் சபை சப்பென்று போய்விடும்.

இந்தக் கத்திகளில் ஒரு வகையை நாம் பேனாக்கத்தி என்கிறோம். அந்தப் பெயரிலேயே ஒரு வரலாறு இருக்கிறது. இரும்பு முள் வருவதற்கு முன்னால் அங்கே வாத்து இறகைச் சீவித்தான் மையில் தொட்டு எழுதினார்கள். எழுத எழுத இறகின் முனை மழுங்கும். மறுபடி சீவ வேண்டும். அதற்கென்று எழுதுபவர் வைத்திருந்த சிறு கத்திதான் பேனாக்கத்தி. இறகு போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

சரி, திறந்து மூடும்போது அவர்கள் என்னத்தைக் கவனிக்கிறார்கள்? அதைப் புரிந்துகொள்ள இந்தக் கத்தியின் அமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிடியின் முதுகுப் பக்கத்தில் ஒரு தட்டையான எஃகு வில் ஓடுகிறது. அதன் ஒரு முனை ஆணியால் இறுக்கப்பட்டிருக்கும். மறுமுனை அலகின் அடிப்பகுதியை அழுத்திக்கொண்டே இருக்கும். அந்த அடிப்பகுதி சில பக்கங்களில் தட்டையாக ராவப்பட்டிருக்கும். நகத்தை அலகின் குழியில் கொடுத்து இழுக்கும்போது வில் மேலெழும். தட்டையான பக்கம் வந்ததும் "டக்" என்று கீழே அமரும். அவ்வளவுதான். பூட்டு எதுவும் இல்லை. வில்லின் அழுத்தம் ஒன்றுதான் அலகைத் திறந்த நிலையில் வைத்திருக்கிறது. ஆகவே முனையைக் குத்தி அழுத்தினாலோ, அலகின் முதுகில் பலம் கொடுத்தாலோ கத்தி மடங்கி விரலைக் கடித்துவிடும். பிள்ளைகள் கையில் எடுக்கும்போது முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான்.

இந்தத் திறப்பில் அலகு "நடக்கும்", "பேசும்" என்று சேகரிப்பாளர்கள் சொல்லுவார்கள். வில்லின் எதிர்ப்பு சீராக இருந்து, அலகு தடங்கலில்லாமல் நகர்ந்தால் நல்ல நடை. அமரும்போது எழும் ஓசைதான் பேச்சு. தளர்ந்த வில்லுக்குப் பேச்சு வராது, முனகும். நல்ல கத்தியின் ஓசையைக் காதருகே வைத்துக் கேட்டு, பக்கத்தில் இருப்பவரையும் கேட்கச் சொல்லுவார்கள். வேடிக்கையாகத் தோன்றலாம். மாடு வாங்கப் போகிறவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பதில்லையா?

அடுத்தபடியாக நீளும் பேச்சு எஃகைப் பற்றியது. பழைய கத்திகள் பெரும்பாலும் கரி கலந்த சாதாரண எஃகு. துருப்பிடிக்காத எஃகு பின்னால் வந்தது; ஹாரி பிரியர்லி என்பவர் 1913-இல் ஷெஃபீல்டில் அதைக் கண்டறிந்தார். அவர் உருக்காலைத் தொழிலாளியின் மகன். தாமும் 12 வயதிலேயே தந்தை வேலை செய்த ஆலைக்குள் போனவர். பழைய எஃகு நன்றாகக் கூர் ஏறும், ஆனால் கவனிக்காவிட்டால் துருவேறும். பழமும் வெங்காயமும் நறுக்க நறுக்க அதன் மேல் சாம்பலும் நீலமுமாக ஒரு படலம் படியும். நம் வீட்டு அரிவாள்மனையில் நீங்கள் பார்த்திருக்கும் கருமைதான் அது. செந்துரு இரும்பைத் தின்னும். இந்தக் கருமை அப்படித் தின்னாது, ஓரளவு காக்கவும் செய்யும். புதுக் கத்தி வாங்கியவர் ஒருவர் அலகைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக வைத்திருந்தால், மற்றவர்கள் "அதைக் கொஞ்சம் வேலை செய்ய விடுங்கள், ஐயா" என்று கேலி செய்வார்கள்.

இந்தக் கத்திகளின் தாய்வீடு எது என்று கேட்டால், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தைச் சொல்ல வேண்டும். 14-ஆம் நூற்றாண்டிலேயே கவிஞர் சாசர் தம் கதையில் வரும் ஆலைக்காரனிடம் ஒரு ஷெஃபீல்டுக் கத்தியைக் கொடுத்திருக்கிறார். டான், ஷீஃப், ரிவ்லின், லாக்ஸ்லி, போர்ட்டர் என்ற ஆறுகள் மலையிலிருந்து வேகமாக இறங்கி வரும் ஊர் அது. அந்த நீரைக் கொண்டு சக்கரம் சுற்றி, சக்கரத்தைக் கொண்டு சாணைக்கல்லைச் சுழற்றினார்கள். 1624-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் கத்தித் தொழிலாளர் சங்கம் அமைந்தது. ஒவ்வொரு தொழிலதிபருக்கும் ஒரு முத்திரை. அதை மற்றவர் பயன்படுத்தக் கூடாது. ஜோசப் ராட்ஜர்ஸ் கம்பெனிக்கு ஒரு நட்சத்திரமும் சிலுவையும். 1851-இல் லண்டனில் நடந்த மாபெரும் பொருட்காட்சிக்கு அந்தக் கம்பெனி 75 அலகுகளும் கருவிகளும் கொண்ட ஒரு பெரிய கத்தியைச் செய்து அனுப்பியது. ராணியும் பிரபுக்களும் பார்த்து வியந்த கத்தி.

ஆனால் அந்த அலகுகளுக்குச் சாணை பிடித்தவர்கள் யார்? இந்தக் கேள்வி பழகிய சேகரிப்பாளர்களின் பேச்சில் அடிக்கடி வருவதை நாம் பாராட்ட வேண்டும். சாணைக்கல் மணற்கல். அதன் குறுக்கே இருந்த பலகையில் கால் பரப்பி உட்கார்ந்து, சுழலும் கல்லின் மீது குனிந்து, அலகை அழுத்திப் பிடிப்பார்கள். கல்லின் பொடியும் எஃகின் பொடியும் மூச்சோடு நெஞ்சுக்குள் போகும். ஆற்றுச் சக்கரம் இருந்த காலத்தில் கோடையில் நீர் வற்றினால் வேலை நிற்கும். ஆள் வெளிக்காற்றில் நடமாடுவான். நீராவி இயந்திரம் வந்த பிறகு அந்த ஓய்வும் போயிற்று. அடைத்த அறைக்குள் ஆண்டு முழுவதும் தூசி. எங்கெல்ஸ் 1845-இல் வெளியிட்ட நூலில் எழுதியிருக்கிறார்: உலர்ந்த கல்லில் சாணை பிடிப்பவரின் ஆயுள் சராசரியாக 35 ஆண்டுகளை எட்டுவதே அரிது, நனைத்த கல்லில் பிடிப்பவர் 45-ஐத் தாண்டுவது அபூர்வம். முள்கரண்டிக்கு உலர்ந்த கல். கத்திகளுக்குப் பெரும்பாலும் நனைத்த கல். எப்படி இருந்தாலும் சாணைக்காரன் பேரன் முகம் பார்ப்பது அரிது.

தூசியை இழுத்துப் போக ஒரு கருவி அப்போதே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. தொழிலாளர்களில் பலர் அதை வேண்டாம் என்றார்களாம். ஏன் தெரியுமா? ஆபத்து குறைந்தால் ஆட்கள் அதிகம் வருவார்கள், கூலி இறங்கும் என்ற அச்சம். உயிரை விலையாக வைத்தால்தான் கூலி நிற்கும் என்ற நிலைக்கு ஒரு மனிதனைத் தள்ளியது எது என்பதைக் கூலி வாங்கி வாழ்ந்த குடும்பங்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. அலகின் அடியில் இருக்கும் முத்திரை முதலாளியின் பெயர். சாணை பிடித்தவரின் பெயர் எந்த அலகிலும் இல்லை.

எல்லாரும் பெரிய ஆலையில் வேலை செய்தவர்கள் அல்லர். ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து, தாமே முதலாளியும் தாமே தொழிலாளியுமாக இருந்தவர்களும் உண்டு. சின்ன எஜமான் என்ற பொருளில் அவர்களுக்கு அங்கே ஒரு பட்டப்பெயர். அந்தப் பரம்பரையில் நம் காலம் வரை வாழ்ந்தவர் ஸ்டான் ஷா. 1926-இல் பிறந்து, 14 வயதில் இபர்சன் என்ற கத்திக் கம்பெனியில் சேர்ந்து, 70 ஆண்டுகளுக்கு மேல் மடக்குக் கத்தி செய்தவர். அலகு, வில், பிடி, பூண் எல்லாவற்றையும் தம் கையாலேயே பொருத்துவார். 2021-இல் மறைந்தார். கூட்டிப் பொருத்தும்போது வில்லை எவ்வளவு ராவினால் நடையும் பேச்சும் சரியாக வரும் என்பது கைக்குத்தான் தெரியும். காகிதத்தில் எழுதி வைக்க முடியாது. அதனால்தான் சேகரிப்பாளர்கள் இப்படிப்பட்டவர்களைத் தேடிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள், கேட்டதைத் தங்களுக்குள் மறுபடி மறுபடி பேசினார்கள்.

அமெரிக்காவுக்குப் போன கத்தி அங்கே வேலைக்குத் தக்க உருவம் எடுத்தது. மாடு மேய்ப்பவர்களுக்கென்று மூன்று அலகுக் கத்தி ஒன்று உண்டு. கூர்முனை அலகு பொது வேலைக்கு. நேரான வாயுள்ள அலகு கயிறு அறுக்க. முனை மழுங்கிய மூன்றாவது அலகு கன்றுகளுக்குக் காயடிக்க. துள்ளுகிற கன்றைக் குத்திவிடக் கூடாது என்பதற்காகவே அந்த முனை மழுங்கியிருக்கிறது. கத்தியைப் பார்த்தே அதை வைத்திருந்தவரின் தொழிலைச் சொல்லிவிடலாம். பார்லோ என்ற எளிய கத்தியோ பிள்ளைகளின் கனவு. மார்க் ட்வெயின் 1876-இல் வெளியிட்ட 'டாம் சாயர்' கதையில், பாடம் ஒப்பித்த பையனுக்குப் பன்னிரண்டரைக் காசு பெறுமான பார்லோ கத்தி பரிசாகக் கிடைக்கிறது. அது எதையும் வெட்டாது. ஆனாலும் அசல் பார்லோ என்று பையன் தலைகால் புரியாமல் மகிழ்கிறான்.

பென்சில்வேனியாவின் பிராட்ஃபோர்டு நகரத்துக் கேஸ் கம்பெனிக் கத்தி கைக்கு வந்தால், சேகரிப்பாளர் முதலில் கண்ணாடியை மாட்டிக்கொள்வார். 1970-இல் அந்தக் கம்பெனி முத்திரைக்குக் கீழே 10 புள்ளிகள் இட்டது. அடுத்த ஆண்டு 9, அதற்கடுத்த ஆண்டு 8 என்று ஆண்டுக்கு ஒன்றாகக் குறைத்தது. 6 புள்ளி இருந்தால் 1974. 1980-இல் மறுபடி 10 புள்ளிகள். ஆனால் 'எஸ்' எழுத்தை மின்னல் கோடு போல மாற்றிவிட்டார்கள், ஆகையால் குழப்பம் இல்லை. "என் மகன் பிறந்த ஆண்டுக் கத்தி" என்று தேடி அலைபவர்கள் இந்தப் புள்ளிகளைத்தான் எண்ணுகிறார்கள்.

இவர்களுக்குள் ஓயாத வழக்கு ஒன்று இருக்கிறது. தீட்டித் தீட்டிப் பாதியாய்த் தேய்ந்த அலகுக்கு மதிப்பு உண்டா? உறையை விட்டு வெளியே வராத புதுக் கத்திக்குத்தான் சந்தையில் விலை. தேய்ந்ததை ஒதுக்குவார்கள். இன்னும் சிலர் அதை வாங்கிப் பளபளவென்று மெருகேற்றி, கருமையையும் முத்திரையையும் சேர்த்தே அழித்துவிடுவார்கள். நமக்கு இது பிடிக்கவில்லை. தேய்ந்த அலகு, ஒருவர் 30, 40 ஆண்டுகள் காலையில் எடுத்து மாலையில் வைத்ததன் கணக்கு. எந்தப் பக்கம் அதிகம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்தால் தீட்டிய கை வலதா இடதா என்றுகூட அனுபவஸ்தர்கள் ஊகிப்பார்கள். எண்ணெய் தொட்டுத் துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று அவர்கள் புதியவர்களிடம் சொல்வது நல்ல ஆலோசனை. மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் போதும்.

சட்டத்தைப் பற்றியும் பேசாமல் இருப்பதில்லை. பொது இடத்தில் கத்தி வைத்திருப்பதை இங்கிலாந்தின் 1988-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது; அலகு 3 அங்குலத்துக்கு மேற்படாத மடக்குக் கத்திக்கு மட்டும் விலக்கு. பூட்டு உள்ள கத்திக்கு அந்த விலக்கு இல்லை. பழைய காலத்துப் பூட்டில்லாத கத்தி அங்கே இன்றும் பையில் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அது அந்த நாட்டுச் சட்டம். அதைச் சொல்லி இங்கே தப்பிக்க முடியாது.

இவர்களிடம் இன்னொரு பழக்கம் உண்டு. புதிதாக வந்து ஆர்வத்தோடு கேட்கும் இளைஞனுக்குப் பெரியவர் ஒருவர் தம் பையில் இருக்கும் கத்தியை அப்படியே எடுத்துக் கொடுத்துவிடுவார். கத்தியைக் கொடுத்தால் நட்பு அறுபடும் என்பது அங்கே பழைய நம்பிக்கை. நம் வீடுகளிலும் கத்தியைக் கையோடு கையாகக் கொடுக்காமல் கீழே வைத்து எடுத்துக்கொள்ளச் சொல்லும் பாட்டிமார் உண்டல்லவா? அவர்கள் அதற்கு வேறொரு பரிகாரம் வைத்திருக்கிறார்கள். வாங்குகிறவர் ஒரு செப்புக் காசைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அப்போது அது தானம் அல்ல, விற்பனை. பெரியவர் காசை வாங்கிப் பையில் போட்டுக்கொள்வார். இளைஞன் கத்தியைத் திறந்து, அது என்ன பேசுகிறது என்று காதருகே வைத்துக் கேட்பான்.