தகரக் கூரையில் மழை: பழகிய ஒலிகள் மனத்தைத் தொடுவது ஏன்?

விடியற்காலை நான்கு மணிக்குத் தகரக் கூரையில் மழை கொட்டத் தொடங்கினால், தோட்டத்து லயன் வீட்டில் ஒரே சத்தம் இரண்டு விதமாகக் கேட்கும். பிள்ளைகளுக்கு அது போர்வையை இழுத்து மூடிக்கொள்ளச் சொல்லும் சத்தம். பால் வெட்டப் போக வேண்டிய தாய்க்கு அது கவலை. மரம் நனைந்துவிட்டால் வெட்டுக் கோட்டில் வடியும் பால் மங்குக்குப் போகாமல் பட்டையெங்கும் பரவி வீணாகும். மங்கில் விழுந்த பாலையும் மழைநீர் கெடுத்துவிடும். நாள் கூலியை நம்பியிருந்த காலத்தில், காலை மழை என்றால் அன்று வருமானம் இல்லை என்று பொருள்.

இன்று பட்டணத்து அடுக்குமாடி வீடுகளில் வசிக்கும் பலர், தங்களுக்குப் பிடித்த ஒலி எது என்று கேட்டால் அந்தத் தகரக் கூரை மழையைத்தான் முதலில் சொல்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் அன்று போர்வைக்குள் இருந்த பிள்ளைகள். பால் வாளியோடு வாசலில் நின்று வானத்தைப் பார்த்தவர்களின் பதில் வேறாக இருக்கலாம்.

ஓர் ஒலி இனிமையானதா இல்லையா என்பதைக் காது மட்டும் முடிவு செய்வதில்லை. காற்றில் வரும் அதிர்வு செவிப்பறையைத் தட்டி, உட்காதில் நத்தை ஓடு போன்ற உறுப்பைச் சென்றடைகிறது. அங்கே இருக்கும் நுண்ணிய மயிர்ச் செல்கள் அதை நரம்புச் செய்தியாக மாற்றி மூளைக்கு அனுப்புகின்றன. அந்தச் செய்தி ஒலியைப் பகுத்தறியும் பகுதிக்கு மட்டுமல்லாமல், அச்சம் முதலான உணர்ச்சிகளையும் நினைவையும் கையாளும் பகுதிகளுக்கும் போகிறது. ஓர் ஒலியோடு சேர்ந்து எது நடந்ததோ, அதையும் மூளை சேர்த்தே வைத்துக்கொள்கிறது. பல ஆண்டுகளுக்குப் பின் அதே ஒலி கேட்கும்போது பழைய உணர்வும் கூடவே எழுவது இதனால்தான்.

மழையில் தூக்கம் வருவது ஏன்?

தூங்கும்போது கண் மூடிக்கொள்கிறது, காது மூடிக்கொள்வதில்லை. தூக்கத்திலும் மூளை ஒலிகளைக் கவனித்தபடியே இருக்கிறது. பெயர் சொல்லி மெதுவாகக் கூப்பிட்டாலே பலர் விழித்துக்கொள்வதும், குழந்தை சிணுங்கினால் தாய் எழுந்துவிடுவதும் அதனால்தான்.

பெரும்பாலும் தூக்கத்தைக் கலைப்பது சத்தத்தின் அளவைவிட அதில் ஏற்படும் திடீர் மாற்றம். மழையில் உயர்ந்த ஒலி, தாழ்ந்த ஒலி எல்லாம் கலந்து ஒரே சீராக வருகிறது. நாய் குரைப்பது, கதவு அறைவது, சாலையில் மோட்டார் சைக்கிள் போவது போன்ற திடீர் ஒலிகளை அது மூடிவிடுகிறது. மாற்றம் எதுவும் இல்லாததால் மூளையும் விழிப்பைத் தளர்த்துகிறது. மின்விசிறி ஓடாவிட்டால் தூக்கம் வராது என்பவர்களுக்கும் இதே விளக்கம் பொருந்தும்.

கித்தாக் காட்டின் வெடிச் சத்தம்

தோட்டத்தில் வளர்ந்தவர்கள் மறக்காத இன்னோர் ஒலி, வெயில் காயும் பகலில் கித்தாக் காட்டில் கேட்கும் 'பட்', 'பட்' என்னும் சத்தம். ரப்பர்க் காயில் பெரும்பாலும் மூன்று விதைகள் இருக்கும். காய் முற்றிக் காயும்போது அதன் கெட்டியான ஓடு உள்ளுக்குள் முறுக்கேறுகிறது. தாங்க முடியாத நிலை வரும்போது ஓடு வெடித்து, விதைகள் பல மீட்டர் தூரத்துக்குத் தெறிக்கின்றன. தாய்மரத்தின் நிழலுக்கு அப்பால் புதிய செடி முளைக்க மரம் கண்டுகொண்ட வழி அது.

அப்படிச் சிதறிய விதைகளைப் பொறுக்கி, கல்லில் தேய்த்துச் சூடாக்கி, பக்கத்தில் இருப்பவன் கையில் வைத்துத் துள்ள வைத்த விளையாட்டு இன்று தாத்தா பாட்டிகளாக இருப்பவர்களுக்கு நன்றாகவே தெரியும். 1877-இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த 22 ரப்பர்க் கன்றுகளிலிருந்து இந்த வட்டாரத்தின் கித்தாக் காடுகள் தொடங்கின. அவற்றில் சில கோலகங்சாரில் நடப்பட்டன. இன்று பல தோட்டங்களில் கித்தா போய்ச் செம்பனை வந்துவிட்டது. செம்பனைக் காட்டில் வெடிக்கும் காய் இல்லை.

குயில் வந்த கதை

பொழுது விடியுமுன் கூவும் குயிலுக்கும் ஒரு வரலாறு உண்டு. குயில் தானாகக் கூடு கட்டாது; காக்கையின் கூட்டில் முட்டையிடும். மலாயாவில் வீட்டுக் காக்கை இயற்கையாக இருந்ததில்லை. காப்பித் தோட்டங்களில் புழுக்களைத் தின்பதற்காக 1890-களில் இலங்கையிலிருந்து கிள்ளான் பகுதிக்கு அது கொண்டுவரப்பட்டது. காப்பி போனது, காக்கை நிலைத்துவிட்டது. முன்பு இந்தப் பகுதிக்குப் பருவகால விருந்தாளியாக வந்த குயில், காக்கை பெருகிய பிறகு நகரங்களிலேயே தங்கிக் குஞ்சு பொரிக்கத் தொடங்கியது. சிங்கப்பூரில் இந்த மாற்றம் தெரிய வந்தது 1980-களில்.

தமிழ்ப் பாடல்களில் குயிலின் குரல் இனிமைக்கு உவமை. அடுக்குமாடி வீட்டில் இரவுப்பணி முடித்து வந்து படுத்தவருக்கு அதே குரல் தொல்லை. கூவுவது ஆண் குயில். அதன் வேலை துணையை அழைப்பது. இனிமையும் எரிச்சலும் கேட்பவரிடம்தான் இருக்கின்றன.

கனமழைக்குப் பின் சாக்கடை ஓரங்களில் கேட்கும் தவளைச் சத்தமும் அப்படித்தான். நீர் தேங்கியவுடன் முட்டையிடும் காலம் வந்துவிட்டது என்று ஆண் தவளைகள் அழைக்கின்றன. பெரிய மழை பெய்து முடிந்தது என்பதற்கு அதுவே அறிவிப்பு.

தெருவும் அடுக்களையும்

ரொட்டிக்காரரின் மோட்டார் சைக்கிள் ஹார்ன், ஐஸ்கிரீம் வண்டியின் மணி, பெரட்டுக்கு ஆள் கூப்பிட அடித்த இரும்புத் துண்டின் ஓசை, கோயில் மணி, அடுக்களையில் கடுகு வெடிக்கும் சத்தம் என்று ஒவ்வொருவரிடமும் ஒரு பட்டியல் இருக்கும். கடுகு வெடிப்பதற்குக் காரணம், எண்ணெய்ச் சூட்டில் அதனுள் இருக்கும் ஈரம் ஆவியாகித் தோலைப் பிளப்பதுதான். ஆனால் பசியோடு பள்ளியிலிருந்து திரும்பும் பிள்ளைக்கு அது 'சாப்பாடு ஆகிக்கொண்டிருக்கிறது' என்னும் செய்தி.

ஓர் ஊரை அதன் ஒலிகளைக் கொண்டு அடையாளம் காண்பது தமிழருக்குப் புதிதல்ல. குறிஞ்சி, முல்லை முதலிய நிலங்களுக்குரிய கருப்பொருள்களைச் சொல்லும் தொல்காப்பியம், தெய்வம், உணவு, மரம் ஆகியவற்றோடு பறவை, பறை, யாழ் ஆகியவற்றையும் சேர்க்கிறது. கனடா நாட்டு இசையமைப்பாளர் ஆர். மரி ஷேஃபர் 1977-இல் வெளியிட்ட நூலில், ஓர் ஊருக்கே உரிய ஒலிகளும் பழைய கட்டடங்களைப் போலப் பாதுகாக்க வேண்டியவை என்று வாதிட்டார். தோட்டம் மேம்பாட்டுக்குப் போய் லயன் வீடுகள் இடிபடும்போது, அங்கிருந்த ஒலிகளும் சேர்ந்தே போகின்றன.

காது இருக்கும்போதே

ஒலி இருந்தும் கேட்க முடியாமல் போவது இன்னோர் இழப்பு. ஒரு காதில் ஏறத்தாழ 15,000 மயிர்ச் செல்கள்தான் உள்ளன. அழிந்தவை மீண்டும் முளைப்பதில்லை. வயதாகும்போது முதலில் குறைவது உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் திறன். சில்வண்டின் ரீங்காரமும் பேரப்பிள்ளையின் மெல்லிய குரலும் முதலில் மறையும். "சத்தம் கேட்குது, என்ன சொல்றேன்னுதான் புரியல" என்று பெரியவர்கள் சொன்னால் அதைப் பிடிவாதம் என்று ஒதுக்கக்கூடாது. செவித்திறன் பரிசோதனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். மறதி நோய்க்கான, தவிர்க்க முயலக்கூடிய காரணிகளில் செவித்திறன் இழப்பையும் மருத்துவ ஆய்வாளர்கள் சேர்த்திருக்கிறார்கள்.

இரைச்சலான வேலையில் இருப்பவர்களுக்கு இந்த இழப்பு இளம் வயதிலேயே வரலாம். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்பது வேலையிடங்களுக்கான பொதுவான எல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறையும். 88 டெசிபல் என்றால் நான்கு மணி நேரம்தான். புல் வெட்டும் இயந்திரமும் ஆலை இயந்திரங்களும் பெரும்பாலும் இந்த அளவைத் தாண்டுபவை. காதடைப்பான் அணிவது கூச்சப்பட வேண்டிய ஒன்றல்ல.

ஒலிகளைச் சேமிப்பதற்குப் பெரிய செலவு எதுவும் வேண்டாம். கைத்தொலைபேசி போதும். சிங்கப்பூரில் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979 முதல் சாதாரண மக்களின் குரல்களைப் பதிவு செய்து வருகிறது. அதே வேலையைக் குடும்பங்களும் செய்யலாம். பாட்டி அரிசி புடைக்கும் சத்தத்தையும், தாத்தா பெரட்டுக் களத்தைப் பற்றிப் பேசும் குரலையும் ஐந்து நிமிடம் பதிவு செய்து, தேதி, இடம், பேசியவர் பெயர் ஆகியவற்றைக் குறித்து வைத்தால், பிற்காலத்தில் அது குடும்பத்துக்கு ஓர் ஆவணம். எதைக் கேட்பது என்று தெரியாதவர்கள் ஒரே கேள்வியில் தொடங்கலாம்: "காலையில கண் முழிச்சதும் என்ன சத்தம் கேட்கும், பாட்டி?"