ஹிமாலயன் 411-ல இருந்து 450-க்கு மாறலாமா? குன்னூர் மலைப்பாதையில ஓட்டிப் பார்த்துப் போட்ட கணக்கு

"சார், அந்தப் பழைய ஹிமாலயனை எப்ப மாத்தப் போறீங்க?" வீடியோவுக்குக் கீழே அடிக்கடி வர்ற கேள்வி இது. ஜனவரியில ஒரு சனிக்கிழமை காலையில போய் 450-ஐ ஓட்டிப் பார்த்துட்டேன். ஓட்டினது ஒரு மணி நேரம், கணக்கு போட்டது மூணு ராத்திரி. ரெண்டையும் அப்படியே எழுதறேன்.

முதல்ல ஒரு யோசனை. டெஸ்ட் ரைடுன்னா ஷோரூம் வாசல்ல இருந்து அடுத்த பெட்ரோல் பங்க் வரைக்கும் போயிட்டு வர்றது இல்லைங்க. நீங்க தினமும் ஓட்டற ரோட்டுல ஓட்டிப் பார்க்கணும். நான் கேட்டது குன்னூர்ல இருந்து பர்லியார் வரைக்கும் இறங்கி, திரும்ப ஏறணும்னு. ஷோரூம் தம்பி கொஞ்சம் தயங்கினார். "நீங்களும் பின்னாடி உட்காருங்க, எனக்கும் பில்லியனோட எப்படி இருக்குன்னு தெரியும்"னு சொன்னதும் ஒத்துக்கிட்டார்.

பேப்பர்ல வித்தியாசம் பெருசு. என்னோடது 2019 மாடல் 411: சுமார் 24 குதிரைசக்தி, 32 என்எம் டார்க், 5 கியர், ஏர் கூலிங். 2023 நவம்பர்ல வந்த 450: 452 சிசி, லிக்விட் கூலிங், 40 குதிரைசக்தி, 40 என்எம், 6 கியர். எடை 196 கிலோ. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்க காத்து மெலிசு, எந்த இன்ஜினா இருந்தாலும் சக்தியில அஞ்சுல ஒரு பங்கு போயிடும். என் 24-ல மிஞ்சறது 19 சொச்சம். பின்னாடி ஆளும் ரெண்டு பக்கம் பையும் இருந்தா, ஏத்தத்துல முன்னாடி போற அரசு பஸ்ஸோட புகையை அஞ்சு நிமிஷம் சுவாசிச்சுட்டே போக வேண்டியதுதான்.

பர்லியார்ல இருந்து திரும்பி ஏறும்போது 450-ல அந்தக் கஷ்டமே இல்ல. காட்டேரி பக்கம் ஒரு காய்கறி லாரி. கொஞ்சம் நேர் ரோடு கிடைச்சது, மூணாவது கியர்ல திருகினேன், தாண்டிட்டேன். சொல்லப்போனா அந்த நாலு செகண்டுக்குத்தான் நான் மூணு ராத்திரி தூக்கத்தைக் கொடுத்தேன்.

ஆனா ஒரு விஷயம் யாரும் சொல்றதில்ல. கொண்டை ஊசி வளைவுகள்ல பழைய வண்டிதான் எனக்குப் பழக்கமா, நிம்மதியா இருந்தது. 411-க்கு முழு டார்க்கும் 4,000-4,500 ஆர்பிஎம்லயே வந்துடும். ரெண்டாவது கியர்ல டக்கு டக்குன்னு மாட்டு வண்டி மாதிரி ஏறும். 450-க்கு உச்ச டார்க் 5,500-ல. வளைவுல சோம்பேறித்தனமா வந்தா முதல் கியருக்கு இறங்கியே ஆகணும். குறைன்னு சொல்ல மாட்டேன், வேற குணம். ஆனா என் ஓட்டத்துல பாதி, இந்த மாதிரி வளைவுலதான்.

சரி, காசுக்கு வருவோம்.

எனக்குக் கொடுத்த கொட்டேஷன்ல எக்ஸ்-ஷோரூம் 3,06,000. இதுக்குள்ள என்ன இருக்குன்னு பிரிச்சுப் பாருங்க. 2025 செப்டம்பர் 22-ல இருந்து 350 சிசி வரைக்கும் உள்ள பைக்குக்கு ஜிஎஸ்டி 28%-ல இருந்து 18%-க்கு இறங்கிடுச்சு. 350-க்கு மேல இருந்தா 28% பிளஸ் 3% செஸ்ஸா இருந்தது, நேரா 40%. அப்படின்னா வண்டியோட உண்மையான விலை சுமார் 2,18,600, ஜிஎஸ்டி 87,400. தமிழ்நாட்டுல 2023 நவம்பர்ல இருந்து லட்சத்துக்கு மேல விலை உள்ள பைக்குக்கு ஆயுள் வரி 12%. அது ஜிஎஸ்டியும் சேர்ந்த விலைமேல. அதாவது வரிக்கு மேல வரி. 36,720 ரூபாய். ஆக 2.19 லட்சம் வண்டிக்கு 1.24 லட்சம் வரி. இதே வண்டி 350 சிசிக்குள்ள இருந்திருந்தா ஜிஎஸ்டியிலேயே 48,000 மிச்சம்.

அடுத்தது இன்சூரன்ஸ். புது பைக்குக்கு அஞ்சு வருஷ தேர்ட் பார்ட்டி கட்டாயம். 350 சிசிக்கு மேலன்னா அது மட்டும் 15,117, ஜிஎஸ்டி தனி. (150-ல இருந்து 350 சிசின்னா 7,365.) ஓன் டேமேஜும் சேர்த்து 25,000-னு எழுதியிருந்தாங்க. மத்த சில்லறை சேர்ந்து ஆன்-ரோடு 3,70,000. லக்கேஜ் ரேக், பெட்டி, கிராஷ் கார்டுக்கு 25,000. மொத்தம் 3,95,000. என் பழசுக்கு 1,10,000 தர்றேன்னாங்க. கையை விட்டுப் போறது 2,85,000.

இங்கதான் பெரும்பாலானவங்க நிறுத்திடறாங்க. "2.85 தானே"ன்னு. அடுத்த கேள்வி, ஆறு வருஷம் கழிச்சு என்ன மிஞ்சும்? இன்சூரன்ஸ் கம்பெனி ஐடிவி போடற அட்டவணையே ஒரு குறிப்பு கொடுக்கும்: ஆறு மாசத்துக்குள்ள 5% கழிவு, ஒரு வருஷம் வரைக்கும் 15%, ரெண்டு வருஷம் வரைக்கும் 20%, அப்புறம் வருஷத்துக்குப் பத்து பத்தா ஏறி அஞ்சு வருஷத்துல 50%. அதுவும் எக்ஸ்-ஷோரூம் விலைமேலதான். நீங்க கட்டின ஆயுள் வரி அந்தக் கணக்குல கிடையாது.

ஆறு வருஷத்துல 450 சுமார் 1,40,000-க்குப் போகும், என் 411 அப்ப 50,000-க்குப் போகும்னு வச்சுக்கிட்டேன். பழசுக்குக் கூடுதல் ரிப்பேர் 45,000. இதெல்லாம் என் ஊகம், நீங்க மாத்திப் போட்டுக்கலாம். 2,85,000-ஐ 7%-ல விட்டா ஆறு வருஷத்துல 4,28,000 ஆகும். புது வண்டியால எனக்குத் திரும்ப வர்றது ரீசேல் வித்தியாசம் 90,000, ரிப்பேர் மிச்சம் 45,000. கழிச்சா 2,93,000. வருஷத்துக்கு 49,000-க்குக் கொஞ்சம் கம்மி.

இப்ப பழைய பெட்ரோல் பில் நோட்டை எடுத்தேன். ஆமா, நான் எழுதி வைக்கிற ஆளு, தொழில் புத்தி. போன மூணு வருஷத்துல 300 கிலோமீட்டருக்கு மேல போன பயணம் பதினொண்ணு. வால்பாறை, மூணாறு, மைசூர், ரெண்டு தடவை கொடைக்கானல்... வருஷத்துக்கு நாலுன்னு தாராளமா வச்சாலும் ஒரு பயணத்துக்குக் கூடுதல் செலவு 12,000. மத்த நாள்ல அந்த வண்டி எங்க போகுது? குன்னூர் ஆபீஸ், அருவங்காடு, கேத்தி, லவ்டேல். 40 குதிரைசக்தியும் பள்ளிக்கூட வேன் பின்னாடி நிக்கும்.

லோன் போட்டா என்னன்னு கேட்பீங்க. "ஃபிளாட் 7%தான் சார்"னு சொன்னாங்க. மூணு லட்சம், மூணு வருஷம்: வட்டி 63,000, இஎம்ஐ 10,083. அசல் குறைஞ்சுட்டே வர்றப்பவும் முதல் நாள் அசலுக்கே வட்டி போடறதால நிஜ வட்டி கிட்டத்தட்ட 13%. என் பேங்க்ல குறையும் அசல் முறையில 11%-க்குக் கிடைச்சது, இஎம்ஐ 9,822, மொத்த வட்டி 53,580. என் பதினொரு பயணத்துக்கும் போட்ட பெட்ரோல் 22,000-க்குப் பக்கம்தான். அதைப் போல ரெண்டு மடங்குக்கு மேல வட்டி.

சில கிளையன்ட் நண்பர்கள் "கடை பேர்ல வாங்கிடுங்க"ன்னு யோசனை சொல்வாங்க. ஜிஎஸ்டி சட்டம் பிரிவு 17(5) ஆள் போற வண்டிக்கு இன்புட் கிரெடிட்டை அடைச்சு வச்சிருக்கு, பைக்கும் அதுல அடக்கம். தேய்மானம் 15% உண்டு, ஆனா தொழிலுக்கு ஓடின பங்குக்கு மட்டும். மூணாறு போன கிலோமீட்டர் ஆடிட்டுக்குப் போனதா ஆகாது. உத்தேச வருமான முறையில வரி கட்டறவங்களுக்குத் தேய்மானம் தனியா கிடையாது. சம்பளக்காரருக்கு எதுவுமே இல்ல. சொந்த உபயோக பைக்கை நஷ்டத்துக்கு வித்தாலும் அந்த நஷ்டத்தை எதுலயும் கழிக்க முடியாது.

இவ்வளவும் போட்ட பிறகும் மனசு "பாதுகாப்புக்காக"ன்னு ஒரு வார்த்தையைப் பிடிச்சுட்டு நின்னது. ஓவர்டேக் சீக்கிரம் முடிஞ்சா ஆபத்து கம்மிதானே? நியாயம்தான். ஆனா 411-ல அந்த லாரியை நான் தாண்டவே முயற்சி பண்ணியிருக்க மாட்டேன். பின்னாடியே வந்திருப்பேன். இதுக்கு எக்செல்ல கட்டம் இல்ல.

முடிவு வேற இடத்துல இருந்து வந்தது. என் லிக்விட் ஃபண்டுல இருந்தது 3,10,000. எமர்ஜென்சி பணம் தனி, அதைத் தொடறதில்ல. மறுநாள் ஞாயித்துக்கிழமை கேத்தியில அம்மா வீட்டுக்குப் போனேன். பின்பக்கக் கருங்கல் தடுப்புச் சுவர் நடுவுல வயிறு மாதிரி உப்பி நிக்குது. தண்ணி வடியற ஓட்டை பாதி மண் அடைச்சிருக்கு. 2009 நவம்பர் மண்சரிவுல இந்த மாவட்டத்துல 40 பேருக்கு மேல போனாங்க, கேத்திப் பக்கமும் தப்பல. எங்க அம்மா அதைப் பேச மாட்டாங்க. "வடகிழக்கு மழைக்கு முன்னாடி அதைக் கொஞ்சம் பாத்துடு தம்பி"ன்னு மட்டும் சொன்னாங்க. இன்ஜினியர் எஸ்டிமேட் 2,60,000.

சுவரைக் காசுல கட்டி, பைக்கை லோன்ல எடுக்கலாமேன்னும் ஒரு ராத்திரி போச்சு. மூணு வருஷம் மாசம் 9,822, நடுவுல அம்மாவுக்கு ஏதாவதுன்னா? ஃபண்டுல மிச்சம் இருக்கறது 50,000. வேண்டாம்னு விட்டேன்.

சுவர் வேலை ஆரம்பிச்சாச்சு. 411-க்குப் பின் ஷாக், ரெண்டு டயர், பிரேக் பேட், செயின் செட் எல்லாம் மாத்தினதுல 26,000 ஆச்சு. மறுபடியும் பர்லியார் போய்ப் பார்த்தேன், இறக்கத்துல நம்பிக்கையா நிக்குது. ஏத்தத்துல பஸ் பின்னாடிதான்.

உங்க நிலைமை வேறயா இருக்கலாம். வருஷத்துக்கு இருபது நீண்ட பயணம் போறவருக்கு அதே 49,000-ல ஒரு பயணத்துக்கு 2,450 தான் வரும். அவர் கையில காசும் இருந்தா நானே வாங்கச் சொல்வேன். வண்டியே இல்லாம புதுசா வாங்கறவருக்கு இந்தக் கணக்கே பொருந்தாது, அவர் 350 சிசி வண்டியோட ஒப்பிட்டுப் பார்க்கணும். ஷீட்டை வீடியோ டிஸ்கிரிப்ஷன்ல போட்டிருக்கேன். மஞ்சள் கட்டத்துல உங்க நம்பரைப் போடுங்க. பயணங்களோட எண்ணிக்கையை மட்டும் நினைவுல இருந்து போடாதீங்க, பில்லைப் பார்த்துப் போடுங்க. நோட்டைத் திறக்கறதுக்கு முன்னாடி என்னைக் கேட்டிருந்தா, வருஷத்துக்குப் பத்துன்னு சொல்லியிருப்பேன்.