தலைமேல் கை வைத்தால் திட்டாதீர்கள்

"தலைல கை வைக்காத, வீட்டுக்கு ஆகாது!" இந்தத் திட்டை வாங்காதவர் நம் ஊரில் யார்? ஆனால் கழுத்து நரம்பு அழுந்தியவர்கள் பலர், வலிக்கிற பக்கத்துக் கையைத் தம்மையறியாமல் தூக்கி உச்சந்தலையில் வைத்துக்கொள்வார்கள். அப்போது இழுபட்ட நரம்பு தளரும், வலி குறையும். மருத்துவர்களுக்கு அது ஒரு தடயம்.

கழுத்தில் 7 எலும்புகள், 8 ஜோடி நரம்பு வேர்கள். ஜவ்வு பிதுங்கினாலோ, தேய்மானத்தால் எலும்பு முள்போல் வளர்ந்தாலோ, நரம்பு வெளியேறும் வழி குறுகிவிடும். வலி தோளில் இறங்கி, விரல்வரை சுரீரென்று ஓடும். பெரும்பாலும் கட்டைவிரல் மரத்தால் 6ஆவது நரம்பு, நடுவிரல் மரத்தால் 7ஆவது.

பலருக்கு அறுவை சிகிச்சை இல்லாமலே சில மாதங்களில் குணமாகிவிடும். அதற்குத் தினசரிப் பயிற்சி துணை. மாகாளேஸ்வரர் கோயில் கொண்ட இரும்பை போன்ற ஊரிலிருந்து முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்கோ, புதுச்சேரி ஜிப்மருக்கோ தினமும் போய்வர முடியுமா? 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இயன்முறை சிகிச்சையையும் வீட்டுவாசலுக்குக் கொண்டுவந்தது இதனால்தான் அருமையான காரியம். ஊருக்கு வரும் சுகாதாரப் பணியாளரிடம் விசாரியுங்கள்.

மருத்துவர் பார்த்துச் சரி என்றபின் செய்யவேண்டியவை எளியவை.

தாடை இழுப்பு: நிமிர்ந்து உட்காருங்கள். தலை குனியாமல், பார்வை நேராக இருக்க, தாடையை மட்டும் பின்னுக்கு இழுத்து 5 விநாடி நிறுத்துங்கள். 10 முறை.

தோள் சேர்ப்பு: முதுகின் இரு தோள்பட்டை எலும்புகளையும் நெருக்கி 5 விநாடி பிடித்து விடுங்கள். 10 முறை.

நெற்றி அழுத்தம்: உள்ளங்கையை நெற்றியில் வைத்துத் தள்ளுங்கள், தலை அசையக் கூடாது. கடும் வலி தணிந்தபின், மெதுவாக.

வலி விரலை விட்டு மேலேறிக் கழுத்துக்குள் சுருங்கினால் நல்ல அறிகுறி. கீழே இறங்கினால் உடனே நிறுத்திவிடுங்கள். சலூனில் கழுத்தைத் திருப்பிச் சொடுக்கு எடுப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயே கிழியக்கூடும்.

கையில் பிடித்த டம்ளர் நழுவுகிறதா, நடை தள்ளாடுகிறதா, சிறுநீர் கட்டுப்படவில்லையா? பயிற்சியை விட்டுவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

இனி வீட்டில் அம்மா தலைமேல் கை வைத்து உட்கார்ந்திருந்தால் திட்டாதீர்கள். எந்த விரல் மரத்திருக்கிறது என்று கேளுங்கள்.