கொதித்தாலும் போகாத நஞ்சு

சூரை மீன் குழம்பு சாப்பிட்ட அரை மணி நேரத்தில் முகம் குப்பென்று சிவக்கிறது. தலைவலி, படபடப்பு, நாக்கில் மிளகு கடித்ததுபோல் எரிச்சல், உடம்பெல்லாம் தடிப்பு. 'மீன் ஒத்துக்கொள்ளவில்லை' என்று முடிவு கட்டி, சிலர் அதோடு மீனையே விட்டுவிடுகிறார்கள். பாவம், பல சமயம் குற்றவாளி ஒவ்வாமை அல்ல, ஹிஸ்டமின்.

சூரை, அயிலை, மத்தி போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் ஏராளம். மீன் செத்ததும் செவுளிலும் குடலிலும் இருந்த பாக்டீரியாக்கள் சதைக்குள் இறங்குகின்றன. இவற்றில் பேர்போனது மோர்கனெல்லா மோர்கனி. அதன் நொதி, ஹிஸ்டிடினிலிருந்து கார்பன் டை ஆக்சைடைக் கழற்றிவிட்டால் மிஞ்சுவது ஹிஸ்டமின். ஒவ்வாமையின்போது நம் உடம்பே வெளிவிடும் அதே பொருள்தான்; அறிகுறிகளும் அதனால்தான் ஒத்துப்போகின்றன. சூரைக்கு இயல்பிலேயே சுற்றியுள்ள கடல்நீரைவிடச் சூடான உடம்பு. தூண்டிலில் மல்லுக்கட்டும்போது சூடு இன்னும் ஏறும். அப்படியே படகில் வெயிலில் கிடந்தால் கேட்கவே வேண்டாம்.

செவுளைத் தூக்கிப் பார்த்து, முகர்ந்து பார்த்து மீன் வாங்கும் நம் சாமர்த்தியம் இங்கே முழுதாகக் கைகொடுக்காது. கெட்ட மீனின் நாற்றம் பெரும்பாலும் ட்ரைமெத்தில் அமின் போன்றவற்றால் வருவது. ஹிஸ்டமினை மூக்கு கண்டுபிடிக்காது. ஒரே மீனில் ஒரு துண்டில் கூடுதலாகவும் அடுத்த துண்டில் குறைவாகவும் இருக்கும் என்பதால், ஒரே பந்தியில் ஒருவருக்கு மட்டும் முகம் சிவப்பதும் உண்டு.

கொதிக்கவைத்தால் பாக்டீரியா சாகும், ஹிஸ்டமின் அசையாது. 1973-ல் அமெரிக்காவில் டின்னில் அடைத்த சூரையைச் சாப்பிட்டு இருநூறுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். அவ்வளவு சூட்டில் வெந்த மீனின் கதையே அது. உறையவைப்பதும் முழுத் தீர்வல்ல: நொதி தப்பிப் பிழைத்து, பனி இளகியதும் வேலையைத் தொடரலாம்.

ஒரு கிலோ மீனில் 200 மில்லிகிராமுக்கு மேல் ஹிஸ்டமின் கூடாது என்கிறது கோடெக்ஸ் எனும் சர்வதேச உணவுத்தர அமைப்பு. அதை வீட்டில் அளக்க வழியில்லை. ஐஸ்தான் நமக்குள்ள ஒரே காவல். ஐஸில் புதைந்த மீனாகப் பார்த்து வாங்குங்கள். வாங்கியதை வண்டியில் வைத்துக்கொண்டு ஊர் சுற்றாதீர்கள்.

தொல்லை பெரும்பாலும் ஒரு நாளுக்குள் அடங்கிவிடும். மூச்சுத் திணறினால் மட்டும் காத்திருக்க வேண்டாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். என்ன மீன், எப்போது சாப்பிட்டீர்கள் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.