டிராகன் குவெஸ்ட் 5, டிஎஸ் பதிப்பு: மூணு பேர் நாலு பேரான கதை

பழைய விளையாட்டுகளோட மறுஆக்கம் வந்தால் எல்லாரும் முதலில் பார்ப்பது படங்களைத்தான். முப்பரிமாணம் ஆக்கியாச்சா, ஊரைச் சுத்தித் திருப்பிப் பார்க்க முடியுதா, பூதங்கள் அசையுதா. நிண்டெண்டோ டிஎஸ்ஸில் நான் விளையாடி முடித்த டிராகன் குவெஸ்ட் 5-இல் இதெல்லாம் இருக்கு. ஆனா என்னைக் கேட்டால், இந்த மறுஆக்கத்தில் உண்மையா வேலை செய்வது வேற ரெண்டு மாற்றங்கள். ஒண்ணு, மூலநிரலில் எங்கேயோ 3 என்று இருந்திருக்கக்கூடிய எண் 4 ஆனது. இன்னொண்ணு, கூட வருபவர்களோடு பேச ஒரு பட்டன்.

முதலில் வரலாறு, சுருக்கமா. மூலம் 1992-இல் சூப்பர் ஃபாமிகாமில் வந்தது. கதை யூஜி ஹோரி, ஓவியம் அகிரா தொரியாமா, இசை கோய்ச்சி சுகியாமா. 2004-இல் பிளேஸ்டேஷன் 2-க்கு மறுஆக்கம். நான் சொன்ன ரெண்டு மாற்றமும் அதிலேயே வந்தாச்சு, ஆனா அது ஜப்பானைத் தாண்டவே இல்லை. டிஎஸ் பதிப்பு ஜப்பானில் 2008, ஆங்கிலத்தில் 2009. அதாவது மூலம் வெளியாகி 17 வருஷம் கழிச்சுத்தான் அதிகாரபூர்வ ஆங்கிலப் பதிப்பு.

(இனிமேல் கதையை உடைச்சுத்தான் சொல்லப் போறேன். விளையாடப் போறவங்க இங்கேயே நிறுத்திக்கலாம்.)

கதாநாயகன் ஆறு வயசுப் பையன். அப்பா பாங்க்ராஸ் கூட ஊர் ஊரா அலையறான். சண்டை வந்தால் அப்பாவும் சேர்ந்துகொள்வார், ஆனா அவர் நம்ம கட்டுப்பாட்டில் இல்லை. ஒரு சுற்றில் ரெண்டு முறை வெட்டுவார். சண்டை முடிஞ்சதும் நமக்குச் சின்னச் சிராய்ப்பு இருந்தாலும் உடனே மந்திரம் போட்டு ஆற்றுவார். யாரும் "இவர் நல்ல அப்பா" என்று வசனம் பேசுவதில்லை. கணக்கு விதிகளே அதைச் சொல்லிடுது. இந்த மாதிரி விளையாட்டில் எனக்குப் பிடிச்சதே இதுதான்: சண்டைத் திரையில் ஓடும் எண்களும் கதைதான்.

அதே உத்தியை அப்படியே திருப்பிப் போட்டு அடிக்கிறாங்க. லாட்ஜா என்ற மந்திரவாதி பையனைப் பிடித்து வைத்து மிரட்டுகிறான். அவனுடைய ரெண்டு அடியாட்கள் பாங்க்ராஸை அடிக்கிறார்கள். அதுவும் வழக்கமான சண்டைத் திரைதான். ஒவ்வொரு சுற்றிலும் அவர் எதிர்க்காமல் பொறுத்துக்கொள்கிறார் என்று மட்டும் எழுத்து வருது. ரெண்டு முறை வெட்டுகிற ஆள்! நமக்கு அழுத்த எந்தப் பட்டனும் இல்லை. கடைசியில் லாட்ஜா அவரை எரித்துவிடுகிறான். பையன் பத்து வருஷம் அடிமை.

தப்பித்து வெளியே வந்தபிறகு அப்பா ஒளித்து வைத்த வாளும் கடிதமும் கிடைக்கும். புராண நாயகன் மட்டும் ஏந்தக்கூடிய வாள். நாம்தானே நாயகன்? எடுத்து மாட்டப் பார்த்தால் முடியாது. இந்த விளையாட்டில் நீங்க அந்த நாயகன் இல்லை. பல மணி நேரம் கழிச்சு, உங்க பையன்தான் அதைத் தூக்குவான்.

நடுவில் கல்யாணம். சிறுவயசுத் தோழி பியாங்காவா, பணக்கார வீட்டு நெராவா என்று ஒரு ராத்திரி யோசிக்கக் கொடுக்கிறார்கள். டிஎஸ் பதிப்பில் நெராவின் அக்கா டெபோராவும் மூணாவது வாய்ப்பு. அவள் வேடிக்கையான பாத்திரம்தான், ஆனா ரெண்டு பேருக்கு நடுவில் இருந்த இழுபறியை மூணாவது ஆள் கொஞ்சம் தளர்த்திடுது. பிறக்கிற இரட்டைக் குழந்தைகளின் முடி நிறம் அம்மாவைப் பொறுத்து மாறும்.

குழந்தைகள் பிறந்த கையோட மனைவியைக் கடத்திடறாங்க. தேடிப்போற இடத்தில் ரெண்டு பேரும் கல்லாகிடறாங்க. கதாநாயகன் சிலையை ஒரு பணக்காரர் வாங்கிட்டுப் போய்த் தோட்டத்தில் நிறுத்துகிறார். பருவங்கள் மாறுது, அவர் வீட்டுக் குழந்தை சிலைக்கு முன்னாலேயே வளருது. பிறகு பூதங்கள் அந்தக் குழந்தையைத் தூக்கிட்டுப் போக, ராசியான சிலை என்று நம்பியவர் ஆத்திரத்தில் அதையே அடிக்கிறார். எட்டு வருஷம் கழிச்சு, முகமே தெரியாத நம்ம ரெண்டு பிள்ளைகளும் வந்து கல்லை உயிராக்குகிறார்கள். அம்மா இன்னும் கல்லாத்தான் எங்கேயோ இருக்கிறாள்.

இப்ப அந்த எண்ணுக்கு வருவோம். சூப்பர் ஃபாமிகாமில் ஒரே நேரத்தில் சண்டையில் மூணு பேர்தான் நிற்கலாம். மறுஆக்கத்தில் நாலு. கணவன், மனைவி, மகன், மகள். எண்ணிப் பாருங்க. மூலத்தில் குடும்பம் ஒண்ணு சேர்ந்த பிறகும் யாராவது ஒருத்தர் வண்டியில் உட்கார்ந்தே ஆகணும். கதை முழுக்கப் பிரிஞ்சு கிடந்த குடும்பம், சேர்ந்தபிறகும் ஒரே வரிசையில் நிற்க முடியாது. நிரல் எழுதறவனுக்கு இது ஒரு மாறிலியை மாற்றுவது மாதிரித் தெரியும். ஆனா ஒரு ஆள் கூடினால் எதிரிகளின் பலம், மந்திரங்களின் மதிப்பு, திரையில் இடம் எல்லாத்தையும் திரும்பச் சரிபார்க்கணும். அந்த வேலையைச் செய்திருக்காங்க.

பேசும் பட்டன் இன்னும் பெரிய விஷயம். ஊரில் யாரோ ஒருத்தர் ஏதோ சொல்றார். உடனே பட்டனை அழுத்தினால் மனைவி அதைப் பத்தி ஒரு கருத்துச் சொல்வாள், பையன் வேற சொல்வான், பொண்ணு அண்ணனை மறுப்பாள். எந்தப் பெண்ணைக் கல்யாணம் பண்ணினீங்களோ அதுக்கேத்த பேச்சு. எத்தனை ஊர், எத்தனை ஆட்கள், எத்தனை கட்டங்கள் என்று பெருக்கிப் பார்த்தால் எழுத்தின் அளவு தலைசுற்றும். மூலம் இருந்ததோ 12 மெகாபிட், அதாவது 1.5 மெகாபைட் அட்டையில்; படம், இசை, கதை எல்லாம் அதுக்குள்ளே.

இது அலங்காரம் இல்லை. கதாநாயகன் கடைசிவரை வாய் திறக்காத பாத்திரம். பிள்ளைகளின் முதல் எட்டு வருஷம் அவனுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. பட்டனை அழுத்தி அழுத்தித்தான் அந்தப் பிள்ளைகள் யாருன்னு தெரிஞ்சுக்கிறோம். மூலத்தில் அதுக்கு வழியே இல்லை. இதுக்கு முந்தைய டிராகன் குவெஸ்ட் 4-இன் ஆங்கில டிஎஸ் பதிப்பில் இந்த வசதியை வெட்டிட்டாங்க. ரெண்டையும் அடுத்தடுத்து விளையாடினால், 4-இல் கூட வருபவர்கள் சாமான் தூக்க வந்தவங்க மாதிரி இருப்பாங்க.

குறைகளும் உண்டு. நடக்கும்போது திடீர் திடீரென்று சண்டை வருவது 1992-இன் பழக்கம், அதைத் தொடவே இல்லை. ஆங்கில மொழிபெயர்ப்பில் ஊருக்கு ஒரு கொச்சை. சில இடங்களில் வாய்விட்டுப் படித்தால்தான் புரியுது.

இன்னொரு காட்சியைச் சொல்லாமல் விட முடியாது. சின்ன வயசில், ஊர்க் கோயில் பக்கம் யாரோ ஒரு இளைஞன் நம்ம கையிலிருக்கும் தங்க உருண்டையைக் கொஞ்சம் பார்க்கக் கேட்பான். பார்த்துவிட்டுக் கொடுத்திடுவான். அப்புறம் அப்பா சாகிற நாளில் லாட்ஜா அதை நசுக்குவான். பெரியவனானபிறகு ஒரு ஓவியத்தின் வழியா அந்தப் பழைய நாளுக்குப் போக முடியும். கோயில் பக்கம் நிற்கிற இளைஞன் நாமதான். உண்மையான உருண்டையை எடுத்துக்கொண்டு போலியைக் கொடுக்கப் போறோம். வீட்டுக்குள் அப்பா உயிரோட இருக்கார், அவர்கிட்டப் பேசலாம். ஆனா நடந்ததை மாற்ற முடியாது. உருண்டையை மட்டும்தான் மாற்ற முடியும்.

டிஎஸ் கையில் இல்லாதவங்களுக்கு: இதே பதிப்பு ஃபோனிலும் இருக்கு, நாலு பேரும் பேச்சும் சேர்த்தே.